மலையேறுதலும் புதையலாதலும்: தமிழில் புனித நீக்கச் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இடத்திற்கும் பொருளுக்கும் புனிதத் தகுதி வழங்கும் செயல்களைக் குறிக்கத் தமிழில் செறிவான சொற்றொகுதி உண்டு. அத்தகுதி நீங்குவதையோ நீக்கப்படுவதையோ குறிக்கும் சொற்கள் அவ்வாறு ஓரிடத்தில் தொகுத்து வைக்கப்படவில்லை. இலக்கியம், ஆகம மரபு, நாட்டார் வழிபாடு, கிறித்தவ வழக்கு, சட்ட நிருவாகம் ஆகியவற்றில் அவை சிதறிக் கிடக்கின்றன. இன்றைய ஆய்வெழுத்தில் இவை யாவும் 'புனித நீக்கம்' என்னும் ஒற்றை ஆக்கச்சொல்லுக்குள் அடக்கப்படுகின்றன. இவ்வடக்கம் நான்கு வேறுபட்ட நிகழ்வுகளை ஒன்றாகக் காட்டிப் பிழையான முடிவுகளுக்கு இடந்தருகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தெய்வம் தானே நீங்குதல், சடங்கால் இறக்கி மாற்றுதல், தீட்டாலும் பின்னத்தாலும் பழுதுறுதல், பெயர் மாற்றத்தால் தகுதி இழத்தல் ஆகியவை அந்நான்கு. ஒவ்வொன்றிலும் வினைமுதல் யார் என்பதே வேறுபாட்டின் அடிப்படை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: புனித நீக்கம், கலாகர்ஷணம், பாலாலயம், மலையேறுதல், தீட்டு, பின்னம், திருமேனி, புதையல்.

முன்னுரை

கல்லைத் தெய்வமாக்கும் முறையைத் தமிழ் இலக்கணம் படிப்படியாக வகுத்துள்ளது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் நடுகற் துறைகள் ஆறும் ஒரு சாதாரணக் கல் வழிபடு கல்லாக மாறும் வழியின் நிலைகளாகும். சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தின் காதைப் பெயர்களே இவ்வரிசையைப் பெரும்பாலும் பின்பற்றி அமைந்துள்ளன. இமயத்துக் கல் பத்தினித் தெய்வமாவது ஒரே நொடியில் நிகழ்வதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் உண்டு. பிற்காலக் கோயில் மரபிலும் இச்செறிவு தொடர்கிறது. எழுந்தருளுவித்தல், கண் திறத்தல், மருந்து சாத்துதல், குடமுழுக்கு என ஒவ்வொரு செயலுக்கும் தனிச்சொல் உண்டு.

இவற்றுக்கு எதிர்நிலையில் அமையும் சொற்களைத் தேடும்போது ஒரு வெறுமை புலப்படுகிறது. கல்லை நடுவதற்கு ஆறு துறை கூறிய இலக்கணம் கல்லை எடுப்பதற்கு ஒரு துறையும் கூறவில்லை. கண் திறத்தலுக்கு எதிராகக் கண் மூடுதல் என்னும் சடங்கு இல்லை; அத்தொடர் தமிழில் மாந்தரின் இறப்பையே குறிக்கும். 'எழுந்தருளுதல்' என்னும் சொல்லின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. இறைவன் கருவறையில் வீற்றிருப்பதும் எழுந்தருளலே. அங்கிருந்து வீதியுலாவுக்குப் புறப்படுவதும் எழுந்தருளலே. இருத்தலுக்கும் வருதலுக்கும் போதலுக்கும் ஒரே வினை பயன்படுவதால், இறைவன் ஓரிடத்தில் இல்லாமற்போதலைச் சொல்ல அவ்வினையால் இயலவில்லை.

இவ்வெறுமையை நிரப்ப அண்மைக்கால ஆய்வெழுத்து 'புனித நீக்கம்', 'புனிதமிழத்தல்', 'தூய்மைக்கேடு' முதலிய ஆக்கச்சொற்களைக் கையாள்கிறது. இவை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கப்படுவதே சிக்கல். நீக்கம் என்றால் நீக்குபவர் ஒருவர் வேண்டும். இழத்தல் என்றால் இழப்பது இடமா, பொருளா, வழிபடுவோரா என்னும் வினா எழும். கேடு என்றால் கெட்டது மீளவும் சீராகலாம் என்பது உள்ளுறையாகும். தமிழில் உண்மையாக வழங்கிவந்த சொற்கள் இவ்வேறுபாடுகளை நுட்பமாகக் காத்துள்ளன. ஆக்கச்சொற்களோ அவற்றை அழிக்கின்றன.

தெய்வம் நீங்குதல்

சங்க இலக்கியத்தில் பாழ்பட்ட பொதியில் ஒரு தொடர் காட்சியாக இடம்பெறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் அகநானூற்றுப் பாடல் (167) மக்கள் விட்டகன்ற ஊரின் பொதியிலைக் காட்டுகிறது. அங்குச் சுவரில் எழுதப்பட்டிருந்த கடவுள் போய்விட்டது, பலி மறக்கப்பட்டது, திண்ணை மெழுகப்படவில்லை. மருதன் இளநாகனாரின் புறநானூற்றுப் பாடலும் (52) கந்திலிருந்த கடவுள் அதனைக் கைவிட்டதையும் பலி நின்றதையும் பொதியில் பாழானதையும் அடுத்தடுத்து வைக்கிறது.

இவ்விரு பாடல்களிலும் நீங்குதல் வினைக்குக் கடவுளே எழுவாய். எவரும் கடவுளை அகற்றவில்லை. கடவுள் போகிறது, கைவிடுகிறது. ஆயினும் காரணம் முற்றிலும் கடவுளிடத்தில் இல்லை. ஊர் பாழானது மாந்தர் பகையால். மக்கள் சென்றதால் மெழுகுதலும் பலியும் நின்றன. வினைமுதல் தெய்வமாகவும் காரணம் மாந்தராகவும் அமையும் இந்த இரட்டைத் தன்மையைப் 'புனித நீக்கம்' என்னும் தொகைச்சொல் தாங்காது. 'பாழ்' என்னும் பழஞ்சொல்லே அதைத் தாங்குகிறது. பாழ் என்பது அசுத்தமன்று, இழிவுமன்று. இருந்தவர் இல்லாமையே பாழ். அவ்விடம் எவராலும் தண்டிக்கப்பட்டதுமில்லை, கெடுக்கப்பட்டதுமில்லை, கைவிடப்பட்டது, அவ்வளவே.

மேலும் ஒன்று இப்பாடல்களால் பெறப்படுகிறது. புனிதம் என்பது பொருளுள் ஒருமுறை செலுத்தப்பட்டு நிலைபெறும் பண்பாக இங்குக் கருதப்படவில்லை. நாள்தோறும் மெழுகலாலும் பலியாலும் புதுப்பிக்கப்படும் உறவாகவே அது கருதப்பட்டது. உறவு முறிந்தால் நீக்கச் சடங்கு தேவையில்லை. ஆகவே சொல் இன்மையை மொழியின் குறையாகக் கொள்ளாமல் கருத்தமைப்பின் விளைவாகக் கொள்வதே பொருந்தும்.

இறக்குதலும் மாற்றுதலும்

ஆகம மரபில் நிலைமை வேறு. பிரதிட்டை செய்யப்பட்ட மூர்த்தத்தில் இறையாற்றல் நிலைபெற்றுள்ளது என்பது அம்மரபின் கொள்கை. ஆதலின் கருவறையில் திருப்பணி செய்ய வேண்டின் அவ்வாற்றலை முறைப்படி வெளிக்கொணர வேண்டும். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். மூர்த்தத்திலிருந்து கலைகளை ஈர்த்துக் குடத்து நீரில் சேர்த்து, பின்னர்ப் பாலாலயத்தில் அமைக்கப்பட்ட மரத்தாலோ பிறவாற்றாலோ ஆன வடிவத்திற்கு மாற்றுவர். திருப்பணி முடிந்ததும் அவ்வாற்றல் குடமுழுக்கின் வழி மூலமூர்த்தத்திற்கு மீள்கிறது.

இவ்விடைக்காலத்தில் மூலவரின் நிலை யாது? கொத்தரும் தச்சரும் அதனைத் தொடலாம். அட்டபந்தன மருந்தைச் சுரண்டி எடுக்கலாம். வழக்கமான பூசை அதற்கு இல்லை. இதனைப் 'புனிதம் நீக்கப்பட்ட நிலை' எனச் சில எழுத்துகள் சுட்டுகின்றன. ஆனால் கலாகர்ஷணம் என்னும் சொல்லில் நீக்கற்பொருள் இல்லை, ஈர்த்தற்பொருளே உள்ளது. ஓரிடத்தில் குறைவது மற்றோரிடத்தில் நிறைகிறது. கோயில் என்னும் அலகு முழுமையாக நோக்கப்படின் எந்தக் கணத்திலும் புனிதம் அங்கு இல்லாமற் போவதில்லை. இது நீக்கமன்று, இடமாற்றம். மக்கள் வழக்கில் 'கலை இறக்குதல்' எனப்படுவதும் இக்கருத்தினதே. இறக்கப்படுவது அழிவதில்லை, ஏற்றுவதற்காகவே இறக்கப்படுகிறது. கொடியேற்றமும் கொடியிறக்கமும், காப்புக் கட்டுதலும் காப்பு அவிழ்த்தலும் இதே இணைவு முறையில் அமைந்தவை.

பாலாலயம் என்னும் வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் இளங்கோயில். திருநாவுக்கரசர் பாடிய மீயச்சூர் இளங்கோயிலை இவ்வகையில் தோன்றியதாகக் கொள்வது மரபு. அவ்வாறாயின் அங்கு நிகழ்ந்தது வியப்புக்குரியது. தற்காலிகமாக அமைந்த இடம் பாடல்பெற்ற தனித்தலமாக நிலைத்துவிட்டது. மீயச்சூர்ப் பெருங்கோயிலின் வளாகத்திலேயே இன்றும் அது தனிக்கோயிலாக வழிபடப்படுகிறது. இறையாற்றலை மூலக்கோயிலுக்குத் திரும்பப் பெற்றபின்னும் இளங்கோயில் வெறுங்கட்டடம் ஆகவில்லை. சடங்கு விதி ஒரு திசையில் சென்றாலும் அடியார்களின் பற்று வேறு திசையில் செல்லக்கூடும் என்பதற்கு அவ்வூர்ப்பெயரே சான்று.

நாட்டார் வழக்கில் 'மலையேறுதல்' என்னும் சொல் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. சாமியாடியின் உடலில் வந்திறங்கிய தெய்வம் குறி சொல்லி முடித்தபின் மலையேறுகிறது. வந்தபோது இறங்கியது, செல்லும்போது ஏறுகிறது. ஆகம வழக்கில் மாந்தர் இறக்குகின்றனர். நாட்டார் வழக்கில் தெய்வமே இறங்குகிறது, தெய்வமே ஏறுகிறது. சங்கப் பாடல்களில் கண்ட வினைமுதல் அமைப்பு இங்கு மீண்டும் தென்படுகிறது. சாமியாடியின் உடல் அதன்பின் பழைய உடலாகிறது. அதனை எவரும் கெட்டது என்பதில்லை. விளக்கு அணைந்ததை 'மலையேறிவிட்டது' என்பதும், அணைப்பதைக் 'குளிர வைத்தல்' என்பதும் மங்கல வழக்குகள். வெளிப்படையாக நீக்கத்தைச் சொல்வதில் மொழிக்குள்ள கூச்சத்தை இவை காட்டுகின்றன. 'தாலி அறுத்தல்' என்னும் வெளிப்படைச் சொல் வசையாக வழங்குவதும், கயிறு மாற்றுவதைப் 'பெருக்குதல்' என்பதும் இக்கூச்சத்தின் மறுபக்கங்கள்.

முளைப்பாரியும் களிமண் பிள்ளையாரும் கரைக்கப்படுகின்றன. கரைத்தலில் வினைமுதல் மாந்தரே. எனினும் நீக்கப்பட்டபின் எஞ்சும் பொருள் இல்லை. மண் நீரோடு கலந்துவிடுகிறது. ஐயனார் கோயிலின் சுடுமண் குதிரைகளோ கண் திறக்கப்பட்டு நேர்ந்துவிடப்பட்டபின் கோயில் முன்றிலிலேயே வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படுகின்றன. அடுத்த புரவியெடுப்பில் புதியன அவற்றின் அருகே வந்து நிற்கின்றன. இவற்றுக்கு நீக்கச்சொல் வேண்டாமைக்குக் காரணம் பொருளின் இயல்பே. மண்ணுக்கு முடிவு உண்டு; ஆகவே மண் தெய்வத்திற்கு முடிவைச் சொல்லும் சொல்லும் எளிதாய் அமைந்தது. கல்லுக்கும் உலோகத்திற்கும் அத்தகைய முடிவு இல்லை. எனவே புனித நீக்கச் சிக்கல் உண்மையில் எழுவது கல்லிலும் செம்பிலும்தான்.

தீட்டும் பின்னமும்

ஆய்வெழுத்தில் மிகுதியாகக் குழப்பப்படுவது தீட்டு என்னும் சொல். கோயில் தீட்டுப்பட்டது என்பதைப் புனிதம் நீங்கியது என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. தருக்க முறையில் நோக்கின் இவ்விரண்டும் எதிரானவை. தீட்டு என்பது புனிதம் அங்கு இருக்கிறது என்னும் கொள்கையின்மேல் நிற்கும் சொல். பாழ்ப்பொதியிலுக்குத் தீட்டு இல்லை. அங்குக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. தீட்டுக்கான தீர்வு சுத்தி, பிராயச்சித்தம், சம்புரோட்சணம் ஆகியவை. புனிதம் முற்றாக நீங்கியிருந்தால் தேவைப்படுவது மறுபிரதிட்டையேயன்றிச் சுத்தியன்று.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியின் எல்லைக்குள் அடங்கிவிடுவதன்று. அதன் விளைவுகளை மாந்தர் உடலும் வாழ்வும் தாங்கியுள்ளன. 1897ஆம் ஆண்டு கமுதிக் கோயிலுள் நாடார் சமூகத்தார் நுழைந்து வழிபட்டதை எதிர்த்து இராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சுத்திச் சடங்குக்கான செலவும் அவ்வழக்கில் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. காலனிய நீதிமன்றம் தீட்டு என்னும் சொல்லை ஏற்று அதற்குப் பண மதிப்பும் வழங்கியது. வழக்கின் உட்பொருளை நோக்கின், வழிபட வந்தவர்களால் தெய்வம் நீங்கிவிட்டது என்று அங்குக் கூறப்படவில்லை. தெய்வம் இருக்குமிடத்தில் வரத் தகாதவர் வந்தனர் என்பதே கூறப்பட்டது. ஆகத் தீட்டு என்பது கோயிலின் நிலையைக் குறிப்பதுபோல் தோன்றி மாந்தரின் நிலையைக் குறித்த சொல்லாகும். இதனைப் 'புனித நீக்கம்' என மொழிபெயர்க்கும் ஆய்வாளர், தாம் அறியாமலேயே அச்சொல்லின் சமூக வன்முறையைக் கோயிலின்மேல் ஏற்றி மறைத்துவிடுகின்றனர்.

1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தபோது இவ்விரு சொல்லாடல்களும் அருகருகே வெளிப்பட்டன. ஒரு சாரார் சுத்திச் சடங்கு கோரினர். அது தீட்டின் மொழி. எதிர்த்தோருள் வேறு சிலர் அம்மன் அங்கிருந்து நீங்கிவிட்டாள் எனக் கூறி வேறிடத்தில் வழிபாடு நடத்தினர். அது நீங்குதலின் மொழி. இரண்டையும் ஒருங்கே கூறுதல் இயலாது. அம்மன் நீங்கியிருப்பின் தூய்மை செய்ய அங்கு ஏதுமில்லை. தூய்மை செய்யவேண்டின் அம்மன் அங்கேயே இருக்கிறாள். எதிர்ப்பின் உள்முரணைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. சங்கப் பாடலின் நீங்குதலோடு இதனை ஒப்பிட்டால் மற்றொரு வேறுபாடும் புலனாகும். அங்கு மக்கள் வாராமையால் கடவுள் போனது. இங்கு மக்கள் வந்தமையால் அம்மன் போனாள் எனச் சொல்லப்பட்டது. பழந்தமிழ்க் கருத்தமைப்பு இங்குத் தலைகீழாக்கப்பட்டுள்ளது.

தீட்டோடு சேர்த்தெண்ணப்படும் மற்றொரு சொல் பின்னம். உறுப்புச் சிதைந்த மூர்த்தம் பின்னப்பட்டது எனப்படும்; அது வழிபாட்டிற்கு ஆகாது என்பது பொதுவிதி. சீரணோத்தாரண விதிகள் அத்தகையதை அகற்றி நீர்நிலையில் இடுதல் முதலியவற்றைக் கூறுகின்றன. எனினும் தலபுராணங்கள் இவ்விதிக்கு எதிர்த்திசையில் செல்கின்றன. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர்மீது தொண்டைமான் வாள்பட்ட தழும்பு உள்ளதெனவும் அது சந்தனக் காப்பால் மூடப்படுகிறதெனவும் அத்தலவரலாறு கூறும். அங்குக் காயமே தெய்வ இருப்பின் அடையாளம். எனவே பின்னம் தானாகவே புனிதத்தை நீக்குவதில்லை. சிதைவைக் 'பின்னம்' எனப் பெயரிடுவதா, 'தழும்பு' எனப் பெயரிடுவதா என்பதில்தான் தகுதி அடங்கியுள்ளது. பெயரிடலின் ஆற்றல் இங்கு முதன்முறையாக வெளிப்படுகிறது.

பொது என்னும் இடைநிலை

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் புனிதத் தகுதியின் நீக்கத்தை நேரடியாகக் கையாளும் நூலாகும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1212ஆம் விதி, பெரும்பகுதி அழிந்த இடமும் நிலையாக உலகியற் பயனுக்கு மாற்றப்பட்ட இடமும் நேர்ந்தளிப்பையும் ஆசியையும் இழக்கும் என்கிறது. 1222ஆம் விதி, வழிபாட்டிற்குப் பயன்படாத கோவிலை ஆயர் உலகியற் பயனுக்கு விடலாம் எனவும் அப்பயன் இழிவானதாக இருத்தலாகாது எனவும் வரையறுக்கிறது. கோவில் அவ்வாறு மாற்றப்பட்டாலும் பீடம் தன் நேர்ந்தளிப்பை இழப்பதில்லை என்பது 1238ஆம் விதியால் பெறப்படும். புனித இடத்தில் நிகழும் அவமதிப்பு 1211ஆம் விதியில் வேறாகக் கூறப்படுகிறது. அதற்குத் தீர்வு தவமுயற்சிச் சடங்கு. ஆக, தகுதி நீக்கமும் அவமதிப்பும் அச்சட்டத்தில் இருவேறு பிரிவுகள்.

இச்சட்டம் மூன்று படிகளைக் கொள்கிறது: புனிதம், உலகியல், இழிவு. தமிழ்ச் சமயச் சொல்லாட்சியில் தூய்மை, தீட்டு என்னும் இரண்டே மேலோங்கியுள்ளமையால் நடுப்படியைத் தமிழில் கூறுவது அரிதாகிறது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு 'பரிசுத்தக்குலைச்சல்' என்னும் சொல்லைக் கையாள்கிறது. குலைதல் அழிவுப் பொருளது. அவமதிப்பைக் குறிக்க அது பொருந்தும், ஆயரின் ஆணையால் அமைதியாக நிகழும் மாற்றத்தைக் குறிக்கப் பொருந்தாது.

நடுப்படிக்குப் 'பொதுப் பயன்பாடு' என்னும் தொடர் இன்று எளிதாகக் கையாளப்படுகிறது. இத்தொடரிலும் ஓர் இடர் உண்டு. இலத்தீனில் உலகியலைக் குறிக்கும் சொல் கோயிலுக்கு வெளியே, அதன் முன்னிடம் என்னும் பொருளில் பிறந்தது. தமிழில் பொது, பொதியில், மன்று, அம்பலம் ஆகிய சொற்கள் ஊரார் கூடும் இடத்தையும் தெய்வம் உறையும் இடத்தையும் ஒருங்கே குறித்தன. தில்லை அம்பலமும் மன்றும் பொதுவும் கூத்தனின் ஆடரங்கப் பெயர்கள். ஆதலின் ஓர் இடத்தைப் பொதுவாக்குதல் என்பது தமிழ்ச் சொல்வரலாற்றின்படி புனிதத்திலிருந்து விலக்குதல் ஆகாது. பொதுமையை எதிர்த்தது தீட்டுச் சொல்லாடலேயன்றிப் புனிதமன்று என்பதும் இதனால் தெளிவாகும்.

பெயர் மாற்றமும் தகுதி மாற்றமும்

நான்காம் வகை நீக்கம் எவ்விதச் சடங்குமின்றி நிகழ்வது. ஒரு செப்புத் திருமேனிக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை நிரலாக வைத்து நோக்கின் இது விளங்கும். சோழர் கல்வெட்டுகளில் அது திருமேனி. கோயிலில் அது உற்சவர் அல்லது சாமி. விக்கிரகம் என்னும் சொல் கோயில் வழக்கில் மதிப்புடையது. கிறித்தவ வழக்கில் பழிப்புடையது. ஆதலின் கத்தோலிக்கர் தம் வடிவங்களைச் சுரூபம் என வேறு பெயரால் அழைத்தனர். சிலை என்பது கல்லைக் குறித்து, பின் கல்லில் ஆனதைக் குறித்து, இன்று எப்பொருளாலான உருவத்திற்கும் பொதுவாகி நிற்கிறது. தலைவரின் உருவமும் இறைவனின் உருவமும் இச்சொல்லில் ஒன்றாகின்றன. அருங்காட்சியகத்தில் அது கலைப்பொருள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி 100 ஆண்டுகளைக் கடந்திருப்பின் தொல்பொருள். காவல் நிலையத்தில் வழக்குச் சொத்து.

இவற்றுள் மிகவும் ஆராயத்தக்கது புதையல். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் மண்ணில் மறைந்துள்ள மதிப்புடைய எப்பொருளையும் புதையலாகக் கொள்கிறது. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். படையெடுப்புக் காலங்களில் கோயில் வளாகங்களில் மணலிட்டு ஒழுங்காகப் புதைத்து வைக்கப்பட்ட திருமேனிகள் பின்னாளில் உழவின்போதும் கட்டட வேலையின்போதும் வெளிப்படுகையில் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன. 1987இல் எசாலத்தில் இராசேந்திர சோழன் செப்பேட்டோடு திருமேனிகள் கிடைத்தமை இத்தகைய வெளிப்பாடுகளுள் ஒன்று. காணிக்கைப் பொன்னுக்கும் கொள்ளைப் பணத்திற்கும் நடராசர் திருமேனிக்கும் புதையல் என்னும் ஒரே பெயர் பொருந்திவிடுகிறது.

புதைத்தவர் நோக்கில் அது மறைத்தல். சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாக மறைத்தலை எண்ணுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் மறைத்தல் இன்மையன்று, அருளுக்கு முன்னிலை. மீட்டெடுக்கும் நோக்கோடு மறைத்தவர் மீளவில்லை. இடம் அறிந்தவர் இறந்தனர். இதனைச் சங்கப் பாடலின் கைவிடுதலோடு சேர்த்தெண்ணுதல் தவறு. கைவிடுதலில் உறவு முறிகிறது. மறைத்தலில் உறவைக் காக்கும் பொருட்டே காட்சி தடுக்கப்படுகிறது. புதையல் என்னும் சொல் இந்நோக்கத்தைக் கணக்கில் கொள்வதில்லை. மண்ணுள் இருந்தமை ஒன்றையே கொள்கிறது.

நீதிமன்றத்தில் நீங்காமை

சொல் வேறுபாடு தீர்ப்பையே மாற்றக்கூடும் என்பதற்குத் தஞ்சைப் பகுதிப் பத்தூர் நடராசர் வழக்கு எடுத்துக்காட்டு. 1976இல் சிதைந்த கோயிலருகே மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி கைமாறி இலண்டனை அடைந்து, கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் வாங்கப்பட்டது. பிரித்தானியக் காவல்துறை அதனைக் கைப்பற்றியபின் நடந்த வழக்கில் கோயிலும் அங்கு எஞ்சிய சிவலிங்கமும் உரிமை கோருவோராக முன்வைக்கப்பட்டன. 1988இல் வந்த தீர்ப்பு இக்கோரிக்கையை ஏற்றது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை உறுதி செய்தது. திருமேனி நாடு திரும்பியது. ரிச்சர்ட் டேவிசு இந்தியப் படிமங்களின் வரலாறுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கு விரிவாகப் பேசப்படுகிறது.

வழக்கின் நடுவே நின்றது, பூசையற்ற, சிதைந்த கோயிலுக்கு ஆளுமை உண்டா என்னும் வினா. கோயிலை எடுப்பித்தவரின் அறநோக்கம் அழியாமல் நிலைத்துள்ளது. லிங்கம் அதன் உருவம் என்னும் கருத்து அங்கு ஏற்கப்பட்டது. தெய்வ வடிவம் வெறும் உடைமையன்று, சட்டத்தின் முன் ஓர் ஆள் என 1925ஆம் ஆண்டு மல்லிக் வழக்கில் பிரிவி கவுன்சில் கூறியதன் தொடர்ச்சி இது. புறநானூற்றுச் சொல்லால் நோக்கினால் பத்தூர் பாழ். கடவுள் அதனைக் கைவிட்டிருக்க வேண்டும். ஆகமச் சொல்லால் நோக்கினால் கலை இறக்கப்படாத மூர்த்தம். ஆற்றல் அங்கேயே உள்ளது. சட்டம் இரண்டாவதன் பக்கம் நின்றது. இம்முடிவு விரும்பத்தக்கதே, ஆயினும் தமிழ் மரபு முழுவதும் இவ்வாறே கருதியது எனப் பொதுமைப்படுத்துதல் ஆய்வறத்திற்குப் பொருந்தாது. பத்தூரைக் காத்தது மரபின் ஒரு கிளையே.

மீட்புக்குப் பின்னும் சொற்சிக்கல் தீரவில்லை. அரியலூர் மாவட்டச் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் 2008இல் ஆசுத்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு 2014இல் இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. அதன் பயணத்தில் அது கலைப்பொருள், களவுப்பொருள், சான்றுப்பொருள் எனப் பெயர் மாறியபடி வந்தது. தமிழக நிருவாகச் சொற்களே இருவேறாக உள்ளன. காவல்துறையின் பிரிவு சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு எனப்படுகிறது. மீட்கப்பட்டவற்றையும் பாதுகாப்பற்ற கோயில்களின் வடிவங்களையும் வைக்கும் இடம் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையம் எனப்படுகிறது. கடத்தப்படும்போது சிலை, காக்கப்படும்போது திருமேனி. பெயரளவில் தகுதி மீண்டாலும் பூட்டிய அறைக்குள் இருக்கும் திருமேனிக்கு ஊரார் மெழுகும் திண்ணை இல்லை. அகநானூற்றுப் பாடல் சுட்டிய இழப்பு, பாதுகாப்பு என்னும் பெயரில் இங்கு நீடிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. நீங்குதல், கைவிடுதல், மலையேறுதல் ஆகியவற்றில் தெய்வம் வினைமுதல். எஞ்சும் இடம் பாழ் அல்லது இயல்பு நிலையினது. கலாகர்ஷணம், இறக்குதல், காப்பு அவிழ்த்தல் ஆகியவற்றில் சடங்காசிரியர் வினைமுதல். நிகழ்வது மாற்றமேயன்றி அழிவன்று. தீட்டு புனிதத்தின் இருப்பை முன்கொண்ட சொல். அதில் தீர்ப்புக்குள்ளாவது இடமன்று, மாந்தரே. சிலை, தொல்பொருள், புதையல் ஆகியவற்றில் வினைமுதல் மறைந்துள்ளது. பெயரிடும் அலுவலகமே அவ்வினைமுதல்.

இந்நான்கையும் 'புனித நீக்கம்' என ஒன்றாக்கும் ஆய்வெழுத்து, கோயில் நுழைவைத் தடுத்தவரின் சொல்லையும் திருப்பணி செய்த தபதியின் சொல்லையும் ஒரே தட்டில் வைக்கிறது. புதிய ஆக்கச்சொல்லைக் கைவிடுதல் வேண்டுமென்பது இதன் பொருளன்று. பொதுப்பெயராக அதனை நிறுத்தி, ஒவ்வோரிடத்தும் யார் நீக்கினர், எஞ்சியது எந்நிலையில் உள்ளது, மீளும் வழி உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கூறும் மரபுச் சொல்லை உடன் வழங்குதலே செய்யத்தக்கது. இவ்வினாக்களைக் கேளாமல் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும், மண்ணுள் மறைத்து வைக்கப்பட்ட திருமேனியைப் புதையலாக்கும் பதிவேட்டின் வேலையையே ஆய்வின் பெயரால் செய்ததாகும்.